பழைய பாராளுமன்றம் பார்க்கக் கொழும்புக்குப் போகிறீர்களா? மலையகத்திலிருந்து கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கமிருந்து பாடசாலைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்களும், பிள்ளைகளோடு குடும்பமாகப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. பாதி கேள்வி கட்டிடத்தைப் பற்றியது, மீதி அதற்குள் நடந்ததைப் பற்றியது.

பழைய பாராளுமன்றம் என்று ஆளுக்கொரு கட்டிடத்தைக் காட்டுகிறார்களே, எது சரி?

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. சட்டம் இயற்றிய கட்டிடங்கள் கொழும்புப் பக்கம் மூன்று.

முதலாவது கோட்டைக்குள், குடியரசுச் சதுக்கத்தில் இருக்கிறது. 1930 வரை சட்டநிரூபண சபை அங்கேதான் கூடியது. 1947இலிருந்து 1971இல் ஒழிக்கப்படும் வரை செனற் சபையும் அங்கேயே இருந்தது. இப்போது அது வெளிவிவகார அமைச்சு.

இரண்டாவது, காலி முகத்திடலின் வடக்கு முனையில் கடலைப் பார்த்து நிற்கிற கற்தூண் கட்டிடம். 1930 ஜனவரி 29ஆம் திகதி ஆளுநர் சேர் ஹேர்பர்ட் ஸ்டான்லி திறந்து வைத்தார். சனங்கள் 'பழைய பாராளுமன்றம்' என்று சொல்வது இதைத்தான். 1983இலிருந்து ஜனாதிபதி செயலகம் இதற்குள் இயங்குகிறது.

மூன்றாவது, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் தியவன்னா ஓயாவின் நடுவே உள்ளது. ஜெப்ரி பாவா வடிவமைத்து, 1982 ஏப்ரல் 29இல் திறக்கப்பட்டது. இன்றைய பாராளுமன்றம் அது.

மலையகத்திலிருந்து போகிறவர்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே பயணத்தில் பார்ப்பது நல்லது. நமது பாட்டன்மாரின் பிரஜாவுரிமையைப் பறித்தது காலி முகத்திடலில். அதைத் திருப்பிக் கொடுத்து முடித்தது கோட்டேயில்.

பழைய கட்டிடத்துக்குள் விடுவார்களா?

சும்மா போய் வாசலில் நின்றால் விடமாட்டார்கள். அது அருங்காட்சியகமல்ல, ஜனாதிபதியின் அலுவலகம். நுழைவுச்சீட்டும் கிடையாது, பார்வை நேரமும் கிடையாது. எழுத்து மூல அனுமதி பெற்ற குழுக்கள் மட்டுமே, பெரும்பாலும் பாடசாலை மாணவர்கள், உள்ளே போய்ப் பழைய சபா மண்டபத்தைப் பார்க்க முடியும். குடும்பமாகப் போகிறவர்கள் வெளியே நின்று பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். 'உள்ளே போகலாம்' என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போய் ஏமாற்ற வேண்டாம்.

வெளியே நின்று பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

முதலில் நேரத்தைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். கட்டிடத்தின் முகம் மேற்கே, கடலைப் பார்த்தது. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் நிற்பதால் முகப்பு முழுக்க நிழல். படம் எடுத்தால் கறுப்பாகத்தான் விழும். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு வெயில் நேரே தூண்களில் விழும்போது கல்லின் வேலைப்பாடு ஒவ்வொன்றும் தெரியும்.

தூண்களின் தலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் கீழ்நோக்கிச் சுருட்டி விட்ட பாய் மாதிரி ஒரு வளையம் இருக்கும். பழைய கிரேக்கக் கோயில்களின் அயோனிக் பாணி அது. வடிவமைத்தவர் ஒஸ்டின் வூட்சன், பொதுவேலைத் திணைக்களத்தின் தலைமைக் கட்டிடக் கலைஞர். ஆட்சிக்கு ஒரு கம்பீரம் வேண்டுமென்று ஆங்கிலேயர் நினைத்த இடங்களிலெல்லாம் இந்த மாதிரித் தூண்களை நிறுத்திவிடுவார்கள்.

வளவில் சேர் பொன்னம்பலம் அருணாசலம், சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆகியோரின் சிலைகள் உண்டு. அருணாசலத்தை மலையகப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போன தோட்டத் தொழிலாளியைச் சிறையில் போட இடம் கொடுத்த சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர்.

திரும்பி நின்று கடலைப் பார்த்தால் இப்போது கடல் தெரிகிற அளவுக்குத் துறைமுக நகரமும் தெரியும். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் நிலம் அது. பழைய படங்களில் அலைக்கும் கட்டிடத்துக்கும் நடுவே வீதி மட்டும்தான்.

படம் எடுப்பதானால் திடல் பக்கம் நின்று எடுங்கள். வாசலையும் காவல் அரணையும் குறிவைத்துக் கிட்டப் போய் எடுத்தால் பொலிஸார் தடுப்பார்கள், எடுத்ததை அழிக்கச் சொல்லவும் கூடும். வாக்குவாதம் பண்ணாமல் நகர்ந்துவிடுங்கள்.

பாடசாலைக் குழுவுக்கு அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது?

கோட்டேயிலுள்ள பாராளுமன்றத்துக்கு என்றால், சபையின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் கவனிக்கும் அதிகாரியான படைக்கலச் சேவிதருக்கு எழுத வேண்டும். பழைய கட்டிடத்துக்கு ஜனாதிபதி செயலகத்துக்கு. இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்துவிட்டால் ஒன்றுமே நடக்காது. குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்னரே எழுதுங்கள்.

கடிதம் பாடசாலைக் கடிதத் தலைப்பில், அதிபரின் கையொப்பமும் முத்திரையும் இட்டதாக இருக்க வேண்டும். மாணவர் எத்தனை பேர், ஆண் பெண் எத்தனை, எந்தத் தரம் என்று எழுதுங்கள். கூட வரும் ஆசிரியர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், பஸ்ஸின் பதிவிலக்கமும், சாரதி, உதவியாளரின் விபரமும் வேண்டும். தமிழில் விளக்குபவர் தேவை என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாசலில் போய் நின்று கேட்டால் கிடைக்காது. திகதி ஒன்றை மட்டும் கொடுக்காமல் மூன்று கொடுங்கள்.

பிசகுவது வழக்கமாக இரண்டு இடங்களில். ஒன்று, கடைசி நேரத்தில் பஸ் மாறுவது. கடிதத்தில் ஒரு இலக்கம், வாசலில் நிற்கும் பஸ்ஸில் வேறு இலக்கம் என்றால் பஸ் உள்ளே போகாது. முதல் நாளே தொலைபேசியில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மற்றது தபால். தோட்ட முகவரிக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் தங்கித் தங்கி, பயண நாள் போன பிறகு கைக்கு வந்து சேர்ந்த கதை மலையகத்தில் புதிதல்ல. பதில் பாடசாலை முகவரிக்கே வரட்டும். ஆசிரியர் ஒருவரின் கைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் கடிதத்தில் இருக்கட்டும்.

இவை தவிர, மாகாணம் கடந்து போகும் சுற்றுலா என்பதால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அடையாள அட்டை எடுக்கும் வயதாகாத பிள்ளைகளுக்கு அதிபர் ஒப்பமிட்ட பெயர்ப் பட்டியலில் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பாடசாலை இல்லாமல் குடும்பமாகப் போனால் கோட்டேயில் பார்க்க முடியாதா?

பார்க்கலாம். உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் கேட்பதுதான் இலகுவான வழி. அமர்வு நாளில் பொதுமக்கள் கலரியில் உட்கார அனுமதி எடுத்துத் தருவது அவர்களுக்குப் பழகிய வேலை.

அமர்வு நாளில் போவது நல்லதா, அமர்வில்லாத நாளிலா?

சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்றால் அமர்வில்லாத நாள். ஆறுதலாக நடந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். உயர்தர வகுப்பு என்றால் அமர்வு நாள். கலரியில் பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, எழுந்து நின்று எட்டிப் பார்க்கக்கூடாது. கைபேசி, கமெரா, பை எல்லாம் முன்னரே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாற்பது பிள்ளைகளின் பையை ஒப்படைத்துத் திரும்ப எடுக்கவே அரை மணித்தியாலம் போய்விடும். பைகளை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குவது புத்தி.

சோதனை இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1987 ஆகஸ்ட் 18ஆம் திகதி இதே கட்டிடத்தின் குழு அறை ஒன்றுக்குள் கைக்குண்டு வீசப்பட்டு உயிரிழப்பு நடந்தது.

உள்ளே தவறவிடக்கூடாதது எது?

செங்கோல். 1949இல் பிரித்தானிய மக்கள் சபை அன்பளிப்பாகக் கொடுத்தது. காலி முகத்திடலில் பாவித்து, பிறகு கோட்டேக்குக் கொண்டுவரப்பட்டது. கருங்காலித் தண்டு, வெள்ளி வேலைப்பாடு, 18 கரட் தங்கம், நீலக்கற்கள். நீளம் 48 அங்குலம், நிறை 28 இறாத்தல். கொழுந்து நிறுக்கிற கணக்கில் சொன்னால் பதின்மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. படைக்கலச் சேவிதர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சபாநாயகருக்கு முன்னே நடந்து வருவார். செங்கோல் அதன் இடத்தில் வைக்கப்படாவிட்டால் சபை முறைப்படி கூடியதாகக் கணக்கில்லை. அதனால்தான் சபையைக் குழப்ப நினைக்கிற உறுப்பினர்கள் முதலில் செங்கோலில் கை வைக்கப் பார்க்கிறார்கள்.

அண்ணாந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். கூடாரத் துணி தொங்குவது போல உலோகத்தில் செய்த கூரைத்தட்டும், நடுவே ஓலை வடிவில் லக்கி சேனாநாயக்க செய்த பெரிய சரவிளக்கும் இருக்கின்றன.

ஹட்டனிலிருந்து எப்படிப் போவது? ஒரு நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்பலாமா?

திரும்பலாம், ஆனால் விடியற்காலம் மூன்று மணிக்காவது கிளம்ப வேண்டும். கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக பஸ்ஸுக்கு நான்கு தொடக்கம் ஐந்து மணித்தியாலம். கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் நடுவேயுள்ள வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ஏறுவதுதான் காரணம். இரண்டு பிஸ்கட் அல்லது ஒரு துண்டு ரொட்டி கொடுத்து ஏற்றுங்கள், பொலித்தீன் பை கையில் இருக்கட்டும்.

காலையில் கோட்டே, பின்னேரம் காலி முகத்திடல் என்று வைத்துக்கொண்டால் வெயிலும் வெளிச்சமும் இரண்டும் ஒத்துவரும். மாற்றிப் போட்டால் நண்பகலில் நிழலே இல்லாத திடலில் பிள்ளைகள் வாடுவார்கள். மலைக்காற்றில் வளர்ந்த பிள்ளைக்குக் கொழும்பு வெயில் அரை மணித்தியாலத்தில் தலையிடி கொடுக்கும். சுவெட்டரை பஸ்ஸில் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள்.

ரயிலில் போகிற குடும்பங்கள் கோட்டை நிலையத்தில் இறங்கி லோட்டஸ் வீதி வழியாக நடந்தால் பழைய கட்டிடத்துக்கு இருபது நிமிடம். ஆர்ப்பாட்டம் ஏதும் நடக்கிற நாளில் அந்த வீதியைத்தான் முதலில் மறிப்பார்கள், காலையில் செய்தி பார்த்துவிட்டுப் போங்கள். 2022 போராட்டத்தின்போது செயலகத்துக்கு முன்னாலிருந்த திடல் மாதக்கணக்கில் கூடார ஊராகவே இருந்தது. மழைக்காலத்தில் மலைநாட்டு ரயில் பாதையை மண்சரிவு அடிக்கடி மறிக்கும் என்பதால் ரயிலை மட்டும் நம்பித் திகதி குறிக்காதீர்கள். கொள்ளுப்பிட்டியிலிருந்து கோட்டேக்கு 177ஆம் இலக்கக் கடுவலை பஸ்ஸில் ஏறி, பொல்துவ சந்தியில் இறங்கலாம்.

ஒரே கட்டிடத்துக்கு எத்தனை பெயர்? பரீட்சையில் பிள்ளைகள் மாற்றி எழுதுகிறார்கள்.

காலி முகத்திடல் கட்டிடம் ஒன்று, அதற்குள் கூடிய சபை ஐந்து. 1930இல் சட்டநிரூபண சபை வந்து ஒரு வருடம் இருந்தது. 1931இலிருந்து 1947 வரை டொனமூர் யாப்பின் அரசாங்க சபை. 1947இலிருந்து 1972 வரை சோல்பரி யாப்பின் பிரதிநிதிகள் சபை. 1972இலிருந்து 1978 வரை தேசிய அரசுப் பேரவை. அதற்குப் பிறகுதான் இப்போதைய யாப்பின் பாராளுமன்றம். அது 1982இல் கோட்டேக்குக் குடிபோனது. 'செனற் சபையும் இங்கேதான்' என்று எழுதுகிற பிள்ளைக்குப் புள்ளி போகும். அது கோட்டைக் கட்டிடத்தில்.

1931இல் எல்லாருக்கும் வாக்குரிமை வந்ததே, தோட்டத்துச் சனத்துக்கும் வந்ததா?

அரைகுறையாக வந்தது. சர்வசன வாக்குரிமை என்று பெயர் இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கு நிபந்தனை போட்டார்கள். இலங்கையே நிரந்தர வதிவிடம் என்று காட்ட வேண்டும், அல்லது கல்வி, சொத்துத் தகைமை வேண்டும், அல்லது ஐந்து வருடம் இருந்ததாக நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவருக்கு அதைக் காகிதத்தில் காட்டுவது லேசான காரியமாக இருக்கவில்லை.

இருந்தும் ஆட்கள் போனார்கள். ஹட்டன் தொகுதியின் பெரி. சுந்தரம் 1931இல் அரசாங்க சபைக்குப் போய், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். தலவாக்கலைக்கு எஸ்.பி. வைத்திலிங்கம். தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யர், 1936இலிருந்து 1947 வரை ஹட்டன் உறுப்பினர். அவர் பேசிய மண்டபம் இந்தக் கட்டிடத்தில்தான் இருக்கிறது.

1947இல் மலையகத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன ஏழு பேர் யார் யார்?

இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்றவர்கள்: நுவரெலியாவுக்கு எஸ். தொண்டமான், தலவாக்கலைக்கு சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலைக்கு கே. குமாரவேலு, மஸ்கெலியாவுக்கு ஜி.ஆர். மோத்தா, நாவலப்பிட்டிக்கு கே. இராஜலிங்கம், பதுளைக்கு எஸ்.எம். சுப்பையா, அலுத்நுவரவுக்கு டி. இராமானுஜம். சி.வி. கவிஞருங்கூட. உங்கள் தோட்டம் அன்று எந்தத் தொகுதிக்குள் இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்டுவரச் சொல்லுங்கள். இன்றைய எல்லையை வைத்துச் சொன்னால் பிழைக்கும்.

பிரஜாவுரிமையை எப்படிப் பறித்தார்கள்? ஒரே சட்டத்திலா?

மூன்று சட்டத்தில். படி படியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

முதற்படி 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. அதற்கு முன் இங்கே பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆவதற்கு, தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் பிறந்தால் மட்டும் போதாது. பிறப்புச் சான்றிதழே இல்லாத தலைமுறையிடம் பூட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டால் எங்கே போவது?

இரண்டாவது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். பதிவு மூலம் பிரஜை ஆகலாம் என்றது. திருமணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடமும், ஆகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும். நடுவே ஊருக்குப் போய்வந்த பயணங்கள் பலருக்கு வினையாகின. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5.

மூன்றாவது 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றது. இதோடு இடாப்பிலிருந்து பெயர்கள் போயின. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பது சரியா?

அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்லுவது பிழை. 1948 ஆகஸ்டில் முதற் சட்டம் வந்தபோது அவர் எதிர்த்து வாக்களித்தார். செப்டெம்பரில் டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் இரண்டாவது சட்டமூலம் வந்தபோது ஆதரித்தார். அவரது கட்சியிலிருந்த செல்வநாயகம் எதிர்த்து, கட்சியை விட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மேடையில் இரண்டு சட்டத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்தத் தவறு பிள்ளைகளின் கொப்பி வரைக்கும் வந்துவிட்டது.

திரும்ப எப்போது ஆள் போனது?

நியமன உறுப்பினராக இடையில் போனார்கள். வாக்கால் தெரிவாகிப் போனது 1977இல். மூன்று பேரைத் தெரிவு செய்யும் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வந்தார். அதற்குள் முப்பது வருடம் போயிருந்தது. நடுவே 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது. அந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த நாடற்றவர் பிரச்சினையை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தீர்த்தன.

அந்த விவாதங்களை நாங்களே வாசிக்க முடியுமா?

சபையில் பேசியதை அப்படியே பதிந்து வெளியிடும் ஹன்சாட்டில் இருக்கிறது. கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வாசிப்பறையில் பதிந்துகொண்டு கேட்கலாம். சட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் தேடி எடுப்பது சிரமம்; மாதமும் வருடமும் குறித்துக்கொண்டு போங்கள். 1948 ஆகஸ்ட், 1948 டிசம்பர் இரண்டும் போதும். அன்றைய பேச்சுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால் பிள்ளைகளோடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் போக வேண்டும்.

கொழும்புக்குப் போக வசதியில்லை. மலையகத்திலேயே பார்க்க ஏதும் உண்டா?

கண்டியில் தலதா மாளிகை வளவிலுள்ள மகுல் மடுவ. பாராளுமன்றமல்ல, அரசன் பிரதானிகளைக் கூட்டி வைத்த அரச மண்டபம். சுவரே இல்லாமல் செதுக்கிய மரத்தூண்கள் மேல் ஓட்டுக்கூரை நிற்கும். கட்டத் தொடங்கியவர் இராஜாதி இராஜசிங்கன். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டு நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது இந்த மண்டபத்தில். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி, வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். வளவுக்குள் போக தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். அரைக்காற்சட்டையோடு வந்த பையனை வாசலில் திருப்பிவிடுவார்கள், ஒரு சாரம் பையில் இருக்கட்டும்.

கம்பளையில் பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். லயக் காம்பராவிலேயே அமைத்திருக்கிறார்கள். முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், பூட்டியிருந்தால் ஏறி வந்த மலை வீண்.